பைத்தானில் வழு கண்டால்: பத்து வரி நிரலில் தொடங்கி திருத்தம் சேரும் வரை

பிழை நம் நிரலில் இல்லை, மொழியிலேயே இருக்கிறது என்ற சந்தேகம் பைத்தான் எழுதும் எவருக்கும் என்றாவது ஒருநாள் வரும். பெரும்பாலான நேரங்களில் தேடிப்போனால் கோளாறு நம் பக்கம்தான் இருக்கும். எஞ்சிய நேரங்களில் அதைச் சொல்லவும் திருத்தவும் எல்லாருக்கும் உரிமை இருக்கிறது. நாம் அன்றாடம் ஓட்டும் பைத்தானின் பெயர் சிபைத்தான். அதன் மூலநிரல் 2017 பிப்ரவரியில், நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்துக்கு வந்தது. பழைய தளத்தில் இருந்த வழுப் பட்டியலும் 2022 ஏப்ரலில் அங்கேயே சேர்ந்துவிட்டது. கணக்கு ஒன்று இருந்தால் போதும்.

இந்த வழிகாட்டி முழுவதையும் தாங்கி நிற்பது ஒன்றே ஒன்று: வழுவைப் பிறர் கணினியிலும் அப்படியே நிகழ்த்திக் காட்டும் பத்து வரி நிரல். அறிக்கைக்கு உயிர் அதுதான். வழு எந்த மாற்றத்தில் நுழைந்தது என்று தேடும்போது கருவியாவதும், கடைசியில் சோதனையாக மாறி மூலநிரலுக்குள் நிரந்தரமாகத் தங்குவதும் அதுவே. அதைச் சரியாக எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது. (கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே ஒலிப்பின்படி தமிழில் கொடுத்திருக்கிறோம், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.)

முதலில்: இது வழுதானா?

தமிழ் உரையோடு வேலை செய்பவர்கள் அடிக்கடி முட்டிக்கொள்ளும் மூன்று இடங்களை எடுத்துக்கொள்வோம். மூன்றும் பார்வைக்கு ஒரே மாதிரி வழுவாகத் தெரியும். மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தை 'லென்' மூலம் கேட்டால் 5 என்று வரும். நாம் எண்ணினால் மூன்றெழுத்து. பைத்தான் எண்ணுவது யூனிகோட் குறியீட்டுப் புள்ளிகளை: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஆவணத்தில் சொன்னபடியே நடக்கிறது, எனவே இது வழு அல்ல.

அடுத்தது, திரையில் அச்சு அசலாக ஒன்றுபோல் தெரியும் இரண்டு 'கொ'. ஒப்பிட்டால் சமமில்லை என்கிறது பைத்தான். ஒவ்வொன்றின் குறியெண்களையும் 'ஆர்ட்' கொண்டு அச்சிட்டுப் பாருங்கள். ஒன்றில் 2965, 3018 என இரண்டு எண்கள் இருக்கும். மற்றொன்றில் 2965, 3014, 3006 என மூன்று. முதலாவதில் ஒகரக் குறி ஒரே குறியீடாக இருக்கிறது. இரண்டாவதில் எகரக் குறியும் காலும் தனித்தனியாகத் தட்டப்பட்டுள்ளன. இரண்டும் யூனிகோடில் செல்லுபடியாகும். 'யூனிகோட்டேட்டா' தொகுதியின் 'நார்மலைஸ்' மூலம் என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாக்கிய வடிவம்) மாற்றியபின் ஒப்பிட்டால் சமமாகிவிடும். இதுவும் வழு அல்ல, தரவின் இயல்பு.

மூன்றாவதுதான் சிக்கலானது. உரையில் வடிவங்களைத் தேடும் 'ஆர்ஈ' தொகுதியில், பின்சாய்கோட்டுடன் சிறிய டபிள்யூ போட்டு 'சொல்லெழுத்துகள்' என்று தேடும் வழக்கம் உண்டு. அப்படி 'தமிழ்' என்ற சொல்லில் தேடினால் 'தம', 'ழ' என்று இரண்டு துண்டுகள் கிடைக்கின்றன. இகரக் குறியும் புள்ளியும் காணாமல் போகின்றன. காரணம் இதுதான்: எழுத்தா, எண்ணா என்று பார்க்கும் 'இஸ்ஆல்நம்' எதற்கு ஆம் என்கிறதோ அதுவும் அடிக்கோடும் மட்டுமே சொல்லெழுத்து என்று அந்தத் தொகுதி கணக்கிடுகிறது. துணைக்குறிகள் யூனிகோடில் 'எழுத்து' வகையில் இல்லை, 'குறி' வகையில் உள்ளன. அதே காரணத்தால் 'தமிழ்' என்ற சொல்லிடம் 'இஸ்ஆல்ஃபா' (எல்லாம் எழுத்துகளா?) கேட்டாலும் இல்லை என்றே பதில் வரும். ஆனால் 'தமிழ்' என்றே ஒரு மாறிக்குப் பெயர் வைக்கலாம், பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும். ஒரே மொழிக்குள் இப்படி முரண். இந்திய எழுத்துமுறைகள் பலவும் இதனால் பாதிக்கப்படுகின்றன. 2007-லேயே இது பதிவாகியிருக்கிறது. இதைச் சரிசெய்தால், இன்றைய நடத்தையை நம்பி உலகம் முழுக்க ஓடும் நிரல்களின் விடைகள் சத்தமில்லாமல் மாறிவிடும். அதுதான் தயக்கம். அவசரத் தேவைக்கு 'ரெகெக்ஸ்' என்ற தனித் தொகுதியை நிறுவிக்கொள்ளலாம். அது குறிகளையும் சேர்த்துக்கொள்ளும்.

இதிலிருந்து ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். 'எனக்கு வேண்டியபடி நடக்கவில்லை' என்பதையும் 'ஆவணத்தில் சொன்னபடி நடக்கவில்லை' என்பதையும் பிரித்துப் பாருங்கள். இரண்டாவது வழு. முதலாவது அம்சக் கோரிக்கை. அதற்கு வேறு படிவம், நீண்ட விவாதம். ஆவணமே தெளிவில்லாமல் இருந்தால் அது ஆவண வழு, அதுவும் பதிவு செய்யத் தக்கதே. 0.1, 0.2 கூட்டினால் 0.30000000000000004 வருவது, 'ரவுண்ட்' 2.5-ஐ 2 ஆக்குவது, செயற்கூறின் இயல்பு மதிப்பாகக் கொடுத்த பட்டியல் அழைப்புக்கு அழைப்பு வளர்ந்துகொண்டே போவது ஆகியவை எல்லாம் அறிந்தே செய்யப்பட்டவை. இவற்றைப் பதிவு செய்தால் சில நிமிடங்களில் மூடிவிடுவார்கள்.

சந்தேகத்தை உங்கள் பக்கமிருந்து நீக்குங்கள்

'ரேண்டம்.பிஒய்', 'ஈமெயில்.பிஒய்' என்று உங்கள் அடைவில் ஒரு கோப்பு இருந்தால் போதும், அசல் தொகுதிக்குப் பதில் அதுதான் உள்ளே வரும். 3.13 முதல் பிழைச்செய்தியே இதைச் சுட்டிக்காட்டிப் பெயரை மாற்றச் சொல்கிறது. பழைய பதிப்புகளில் நீங்களேதான் கவனிக்க வேண்டும். பைத்தானைக் கழித்தல் குறியும் பெரிய 'ஐ' எழுத்தும் சேர்த்து ஓட்டுங்கள். அது தனித்த நிலை: உங்கள் அடைவு, பைத்தானுக்கான சூழல் மாறிகள், பயனர் அளவில் நிறுவியவை எதையும் பார்க்காது. அங்கே வழு மறைந்தால் காரணம் உங்கள் சூழல்தான்.

வழு நம்பை, பாண்டாஸ் போன்ற தொகுப்பை இறக்குமதி செய்தால் மட்டும் வருகிறதா? அப்படியானால் முதலில் அந்தத் தொகுப்பின் பட்டியலுக்குப் போங்கள். தொகுப்புகளை நிறுவும் பிப் கருவிக்கும் தனிக் களஞ்சியம் இருக்கிறது. லினக்ஸ் வழங்கல்கள் தங்கள் பைத்தானில் சொந்த மாற்றங்களைச் சேர்ப்பதுண்டு என்பதால், பைத்தான் தளத்தில் கிடைக்கும் பதிப்பிலோ மூலநிரலிலிருந்து நீங்களே கம்பைல் செய்ததிலோ ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது.

பதிப்பையும் பாருங்கள். 3.9 தொடங்கி ஆண்டுக்கு ஒரு புதிய பதிப்பு, அக்டோபரில் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஐந்தாண்டு ஆயுள். 3.13-இலிருந்து, முதல் இரண்டு ஆண்டுகள் வழுத்திருத்தம், மீதி மூன்று ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தம் மட்டும். (3.12 வரை வழுத்திருத்தக் காலம் ஒன்றரை ஆண்டு.) பாதுகாப்புக் கட்டத்துக்குப் போய்விட்ட பதிப்பில் மட்டும் இருக்கும் சாதாரண வழுவை யாரும் திருத்த மாட்டார்கள். அது இன்றைய பதிப்பிலும் இருக்கிறது என்று காட்டினால் கவனிப்பார்கள்.

பத்து வரியாகச் சுருக்குதல்

400 வரி நிரலை ஒட்டி 'இதில் எங்கோ கோளாறு' என்று எழுதினால் படிக்க ஆள் கிடைக்காது. சுருக்குவதற்குப் பாதியாக வெட்டும் முறைதான் சிறந்தது. நிரலில் பாதியை நீக்குங்கள், ஓட்டுங்கள். வழு இன்னும் இருந்தால் நீக்கியது நீக்கியதுதான். இல்லையென்றால் திரும்பப் போட்டு மறுபாதியை நீக்குங்கள். வெளிக்கோப்பிலிருந்து படிக்கும் தரவை நிரலுக்குள்ளேயே சிறு சரமாக எழுதிவிடுங்கள். வலை இணைப்பு, தரவுத்தளம், இன்றைய தேதி எதையும் நம்பி நிற்கக் கூடாது. இனி ஒரு வரியை எடுத்தாலும் வழு போய்விடும் என்ற நிலை வரும்போது நிறுத்துங்கள்.

சில நேரம் வந்து சில நேரம் வராத வழுவுக்கு இரண்டு காரணங்களை முதலில் சோதியுங்கள். ஒன்று, செட்டுகளின் வரிசை: சரங்களின் ஹாஷ் ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறும், 'பைத்தான்ஹாஷ்சீட்' சூழல் மாறிக்கு 0 போன்ற ஒரு நிலையான எண் கொடுத்தால் மாறாது. இரண்டு, த்ரெட்களின் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் இழைகளின்) போட்டி. இது கடினம். ஆயிரம் முறை சுழற்றினால் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிக் கொடுத்தாலும் திருத்துபவருக்குப் பெரிய உதவி.

நிரலில் தமிழ் உரை இருந்தால் சரத்தோடு குறியெண் பட்டியலையும் கொடுங்கள். உங்கள் கணினியில் தட்டிய 'கொ', இணையப் பக்கத்தில் ஒட்டி எடுக்கும்போது வேறு வடிவமாக மாறியிருக்கலாம். மேலே பார்த்தபடி கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.

அறிக்கை

எழுதும் முன் தேடுங்கள். திறந்திருப்பவற்றை மட்டுமல்ல, மூடியவற்றையும் பாருங்கள். மேலே சொன்ன சொல்லெழுத்துச் சிக்கல் போன்றவற்றுக்கான காரணங்கள் பெரும்பாலும் பழைய விவாதங்களுக்குள்தான் இருக்கும். பிழைச்செய்தியின் மாறாத பகுதியையும் தொகுதியின் பெயரையும் போட்டுத் தேடினால் விரைவில் கிடைக்கும். ஏற்கெனவே இருந்தால் புதிதாகத் திறக்காதீர்கள். உங்களிடம் புதுத் தகவல், அதாவது வேறு பதிப்பு, வேறு இயங்குதளம், இன்னும் சிறிய நிரல் இருந்தால் அங்கேயே சேருங்கள். 'எனக்கும் இதே' என்ற வரி யாருக்கும் உதவாது.

அறிக்கை ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். எளிய ஆங்கிலம் போதும், இலக்கணம் யாரும் பார்ப்பதில்லை. தலைப்பில் தொகுதியின் பெயரும் நடக்கும் கோளாறும் இருக்கட்டும். 'ரெகெக்ஸ் தமிழில் வேலை செய்யவில்லை' என்பது தலைப்பே அல்ல. 'ஆர்ஈ: சொல்லெழுத்து வகையில் துணைக்குறிகள் சேராததால் தமிழ்ச் சொல் இரண்டாக உடைகிறது' என்றால் படித்ததும் யாரிடம் போக வேண்டியது என்று தெரிந்துவிடும்.

உடலில் வேண்டியவை: பத்து வரி நிரல், எதிர்பார்த்த விடை, கிடைத்த விடை, எதிர்பார்ப்புக்கு ஆதாரமான ஆவண வரி, 'சிஸ்.வெர்ஷன்' தரும் முழுப் பதிப்பு வரி, இயங்குதளம். பிழைத்தடத்தை (டிரேஸ்பேக்) முதல் வரியிலிருந்து கடைசி வரை உரையாக ஒட்டுங்கள். திரைப்பிடிப்பாக (ஸ்கிரீன்ஷாட்) எடுத்துப் போட்டால் அதைத் தேடவும் முடியாது, நகலெடுத்து ஓட்டவும் முடியாது. காரணம் இதுவாக இருக்கலாம் என்ற ஊகம் இருந்தால் ஊகம் என்று சொல்லியே எழுதுங்கள். செயற்கை நுண்ணறிவு சொன்ன விளக்கத்தை ஓட்டிப் பார்க்காமல் ஒட்டாதீர்கள். பொய்யான விளக்கத்தைச் சரிபார்க்கத் தன்னார்வலர் ஒருவரின் மாலைப்பொழுது முழுவதும் போய்விடும்.

பைத்தானே விழுந்துவிட்டால், அதாவது 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று சொல்லி நின்றுவிட்டால், அதற்குத் தனிப் படிவம் உண்டு. 'எக்ஸ்' தேர்வுடன் 'ஃபால்ட்ஹேண்ட்லர்' சேர்த்து மறுபடி ஓட்டினால், விழும் தருணத்தில் எந்தப் பைத்தான் வரியில் இருந்தது என்று அச்சிடும். 'ஜிடிபி' என்ற வழுத்தேடும் கருவியின் கீழ் ஓட்டி, சி நிரலின் அழைப்புத் தடத்தையும் எடுத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது.

பதிவானபின் சும்மா விட்டுவிடாதீர்கள். கேள்வி வந்தால் சில நாட்களுக்குள் பதில் சொல்லுங்கள். பதிலில்லாத அறிக்கைக்குக் 'காத்திருப்பு' அடையாளம் விழும், பிறகு மூடப்படும்.

பாதுகாப்பு ஓட்டை என்றால் பொதுவில் எழுதாதீர்கள்

பிறரால் தவறாகப் பயன்படுத்தக்கூடிய ஓட்டை என்று தோன்றினால், பைத்தானின் பாதுகாப்புக் குழுவுக்குத் தனியாக மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். முகவரி பைத்தான் தளத்தின் பாதுகாப்புப் பக்கத்தில் இருக்கிறது. எது ஓட்டை, எது பயன்படுத்துபவரின் பொறுப்பு என்ற எல்லை எப்போதும் தெளிவாக இருப்பதில்லை. 'டார்ஃபைல்' தொகுதி, காப்பகத்தைப் பிரிக்கும்போது அடைவுக்கு வெளியேயும் கோப்புகளை எழுத விடுகிறது என்பது 2007-லேயே தெரிந்தது. அப்போது ஆவணத்தில் ஓர் எச்சரிக்கை மட்டும் சேர்த்தார்கள். தடுக்கும் வடிகட்டி 2023-இல்தான் வந்தது. அது இயல்பு அமைப்பானது 3.14-இல்.

திருத்தத் தொடங்குவோம்: கம்பைல்

கிட்ஹப்பில் களஞ்சியத்தை உங்கள் கணக்குக்கு ஃபோர்க் செய்து (சொந்த நகலாக்கி), அதைக் குளோன் செய்யுங்கள் (உங்கள் கணினிக்கு இறக்குங்கள்). தரவு மிச்சம் பிடிக்க ஆழமற்ற (பழைய வரலாறு இல்லாத) குளோன் எடுக்காதீர்கள். பிறகு பழைய மாற்றங்களுக்குள் தேடவே முடியாது. மூலக் களஞ்சியத்தை 'அப்ஸ்ட்ரீம்' என்ற பெயரில் சேர்த்து, 'மெயின்' கிளையிலிருந்து உங்கள் கிளையைப் பிரியுங்கள்.

லினக்ஸில் கன்பிகர் கட்டளையை 'வித்-பைடீபக்' தேர்வோடு ஓட்டி, பிறகு 'மேக்', அதனுடன் 'ஜே' தேர்வில் உங்கள் செயலியின் கோர் எண்ணிக்கை. டீபக் கட்டுமானம் மெதுவாக ஓடும், ஆனால் உள்ளே உள்ள சரிபார்ப்புகள் அனைத்தும் விழித்திருக்கும். சாதாரணக் கட்டுமானத்தில் மௌனமாக நினைவகத்தைக் கெடுக்கும் தவறு இங்கே அந்த இடத்திலேயே கத்தி நிற்கும். கம்பைல் முடிந்ததும் கடைசி வரிகளைப் படியுங்கள். எஸ்எஸ்எல், எஸ்கியூலைட், எல்இசட்எம்ஏ போன்ற சில தொகுதிகள் கட்டப்படவில்லை என்று வந்தால், அவற்றின் 'டெவ்' பொதிகளை நிறுவிவிட்டு மீண்டும் கன்பிகர் செய்ய வேண்டும். இதைக் கவனிக்காமல் போனால் சோதனைகள் தவிர்க்கப்படும், எல்லாம் சரி என்று தோன்றும்.

ஆப்பிளின் மேக் கணினியில் உருவாகும் நிரலின் பெயர் 'பைத்தான்.எக்ஸ்இ'. தவறல்ல: அந்தக் கோப்பமைப்பு பெரிய எழுத்து, சிறிய எழுத்து பார்ப்பதில்லை, 'பைத்தான்' என்ற அடைவு ஏற்கெனவே இருப்பதால் பெயர் மோதும். விண்டோஸில் விஷுவல் ஸ்டுடியோவின் சி கருவிகளை நிறுவி, 'பிசிபில்ட்' அடைவில் உள்ள 'பில்ட்.பேட்' கோப்பை 'டி' தேர்வுடன் ஓட்டுங்கள்.

எந்த மாற்றத்தில் நுழைந்தது?

முன்பு சரியாக இருந்து இப்போது கெட்ட வழுவானால் 'கிட் பைசெக்ட்' போல் வேலையைச் சுருக்குவது வேறில்லை. சரியாக இருந்த கமிட்டையும் (களஞ்சியத்தில் பதிவான ஒரு மாற்றம்) கெட்டதையும் சொன்னால், நடுவில் உள்ளதை எடுத்துத் தரும். 5,000 கமிட்கள் இருந்தாலும் அதிகபட்சம் 13 முறை சோதித்தால் குற்றவாளி கிடைத்துவிடும்.

கம்பைல் செய்து பத்து வரி நிரலை ஓட்டும் ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதி 'பைசெக்ட் ரன்' கட்டளையிடம் ஒப்படைத்துவிடலாம். ஸ்கிரிப்ட் 0 திருப்பினால் நல்லது, 1 திருப்பினால் கெட்டது. கம்பைலே ஆகவில்லை என்றால் 125 திருப்ப வேண்டும். அதை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்கும். கம்பைல் தோல்வியையும் 1 என்று திருப்பிவிடுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. சம்பந்தமே இல்லாத ஒரு கமிட் மேல் பழி விழும். கிடைத்த கமிட்டை அறிக்கையில் குறிப்பிட்டாலே போதும், திருத்தத்தை நீங்கள் எழுதாவிட்டாலும் அது பெரும் பங்களிப்பு.

சோதனை முதலில், திருத்தம் பிறகு

பைத்தானில் எழுதிய தொகுதிகள் 'லிப்' அடைவில் இருக்கின்றன, அவற்றின் சோதனைகள் 'லிப்/டெஸ்ட்' அடைவில். 'டெக்ஸ்ட்ராப்.பிஒய்' கோப்புக்கு 'டெஸ்ட்_டெக்ஸ்ட்ராப்.பிஒய்' என்று பெயரைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். சியில் எழுதிய தொகுதிகள் 'மாட்யூல்ஸ்', உள்ளமைந்த வகைகள் 'ஆப்ஜெக்ட்ஸ்', இன்டர்பிரட்டரின் மையம் 'பைத்தான்' அடைவு.

பத்து வரி நிரலைச் சோதனையாக மாற்றிச் சேருங்கள். திருத்தம் இல்லாமல் ஒருமுறை ஓட்டி, அது தோற்பதைக் கண்ணால் பாருங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது: திருத்தத்துக்கு முன்பே வெற்றி பெறும் சோதனை எதையும் சோதிக்கவில்லை. பிறகு திருத்தம். அது சிறியதாக இருக்கட்டும். பக்கத்தில் உள்ள வரிகளின் இடைவெளியைச் சரிசெய்வது, மாறிக்குப் பெயர் மாற்றுவது எதையும் கலக்காதீர்கள். அழகுக்காக மட்டும் செய்யும் மாற்றங்களை இந்தத் திட்டம் ஏற்பதில்லை.

சி நிரலில் கைவைத்தால் மேற்கோள் எண்ணிக்கைதான் (ரெஃபரன்ஸ் கவுன்ட்) உயிர்நாடி. ஒரு பொருளைக் கையில் வாங்கினால் எண்ணிக்கை கூடும், விடும்போது குறைக்க வேண்டும். குறைக்க மறந்தால் நினைவகம் கசியும், கூடுதலாகக் குறைத்தால் பைத்தான் விழும். பெரும்பாலும் தவறு நடப்பது பிழை ஏற்பட்டுப் பாதியில் வெளியேறும் பாதைகளில். சோதனையை 'ஆர்' தேர்வுடன் 3:3 என்று கொடுத்து ஓட்டுங்கள்: மூன்று முறை சூடேற்றி, அடுத்த மூன்று முறை எண்ணும். ஒவ்வொரு சுற்றிலும் அதே எண் கசிந்ததாகக் காட்டினால் எங்கோ குறைக்க மறந்திருக்கிறீர்கள். விதிவிலக்கை அமைக்காமலே 'நல்' (வெற்றுச் சுட்டி) திருப்பிவிட்டால் 'சிஸ்டம்எரர்' வரும். இலக்கணக் கோப்பையோ, சி செயற்கூறுகளின் உள்ளீடுகளை விவரிக்கும் 'கிளினிக்' குறிப்புகளையோ மாற்றினால், அவற்றிலிருந்து உருவாகும் கோப்புகளை 'மேக் ரீஜென்-ஆல்' ஓட்டிப் புதுப்பிக்க வேண்டும். உருவான கோப்பைக் கையால் திருத்தினால் அடுத்த முறை அழிந்துவிடும்.

கடைசியாக முழுச் சோதனைத் தொகுப்பையும் 'ஜே' தேர்வுக்கு 0 கொடுத்து ஓட்டுங்கள், எல்லா கோர்களையும் எடுத்துக்கொள்ளும்.

அனுப்புதல், பொறுத்திருத்தல்

புல் ரிக்வெஸ்ட், அதாவது உங்கள் மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை, 'மெயின்' கிளைக்குத்தான் போக வேண்டும். வழு பழைய பதிப்பில் கண்டதாக இருந்தாலும் அப்படித்தான். தலைப்பு 'ஜிஎச்', இடைக்கோடு, அறிக்கையின் எண், முக்காற்புள்ளி என்று தொடங்கினால்தான் அறிக்கையோடு தானாக இணையும். பயனர்களைத் தொடும் மாற்றத்துக்கு 'பிளர்ப்' கருவி கொண்டு ஒரு செய்திக்குறிப்பு எழுத வேண்டும். அதில் எந்த வரியை மாற்றினீர்கள் என்பதல்ல, பயன்படுத்துபவருக்கு என்ன மாறியது என்பதே இருக்க வேண்டும். முதல் முறையென்றால் பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில் கையொப்பம் கேட்கும் தானியங்கிச் செய்தி வரும். இணையத்திலேயே சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

மதிப்பாய்வில் மாற்றம் கேட்டால் புதிய கமிட்டாகச் சேருங்கள். வரலாற்றை மாற்றி 'ஃபோர்ஸ் புஷ்' செய்தால், எதைப் பார்த்தோம், எதைப் பார்க்கவில்லை என்பது பார்ப்பவருக்குத் தெரியாமல் போய்விடும். கடைசியில் சேர்க்கும்போது எல்லாம் ஒரே கமிட்டாகச் சுருக்கப்படும், எனவே கமிட்கள் அழகாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. பதிலே வரவில்லையா? ஒரு மாதம் பொறுத்து, பணிவாக ஒருமுறை நினைவூட்டுங்கள். சேர்க்கும் உரிமை மைய உருவாக்குநர்களிடம் மட்டுமே உள்ளது, அவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள்.

சேர்ந்தவுடன், வழுத்திருத்தக் கட்டத்தில் உள்ள பழைய கிளைகளுக்கு 'பேக்போர்ட்' (அங்கேயும் சேர்க்க வேண்டும் என்ற) அடையாளம் இடப்பட்டிருந்தால், 'மிஸ் இஸ்லிங்டன்' என்ற தானியங்கி அந்தக் கிளைகளுக்கான புல் ரிக்வெஸ்டைத் தானே திறக்கும். கோப்புகள் மோதினால் அதால் முடியாது. அப்போது 'செர்ரி_பிக்கர்' கருவியைக் கொண்டு நீங்கள்தான் மோதலைத் தீர்த்துத் தர வேண்டும். அதேநேரம் பில்ட்பாட் எனப்படும் தானியங்கிச் சோதனைக் கணினிகள் உங்கள் மாற்றத்தைப் பல இயங்குதளங்களில், பல செயலிகளில் ஓட்டத் தொடங்கும். புல் ரிக்வெஸ்டில் பச்சையாக இருந்தது அங்கே ஏதோ ஒன்றில் சிவப்பாகலாம். அடுத்த ஓரிரு நாட்கள் அறிவிப்புகளைக் கவனித்துக்கொண்டிருங்கள். சிவப்பை உடனே சரிசெய்ய முடியாவிட்டால் உங்கள் மாற்றத்தைத் திரும்ப எடுத்துவிடுவார்கள். அதற்காக மனம் தளர வேண்டாம். எந்த இயங்குதளத்தில் தோற்றது என்று பார்த்து, அதற்கும் ஒரு சோதனை சேர்த்து, அதே எண்ணில் மறுபடி திறக்கலாம்.